பதினேழாவது கேள்வி

எண்பதுகளின் தொடக்கத்தில், முப்பத்து நான்கு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, நான் மறுபடியும் பென்சில் சீவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அதற்கு முன் எட்டு வருடம் அரசாங்க வெளிநோயாளி மருந்தகத்தில் டாக்டராக இருந்தேன். பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பு, ஒரு வருடம், சம்பளத்தோடு விடுப்பு. தேறாவிட்டால் இன்னொரு தடவை அந்த விடுப்பு கிடையாது என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். தேறினால் தலைமை அலுவலகத்தில் திட்டமிடும் பிரிவில் ஒரு மேசை. நாள் முழுக்க இருமல் மருந்து எழுதி எழுதிக் கையெழுத்தே கோணிப்போயிருந்த எனக்கு அந்த மேசை வேண்டும். மக்களுக்குச் சேவை செய்வதற்காகப் படித்தேன் என்று பின்னாளில் ஒன்றிரண்டு மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அது முழுக்க உண்மையில்லை.

வகுப்பில் பதினொரு பேர், எல்லோரும் டாக்டர்கள். நாங்கள் பேச மற்றவர்கள் கேட்டுப் பழகியவர்கள் என்பதால், பெஞ்சில் உட்கார்ந்து கை தூக்கிச் சந்தேகம் கேட்பது முதல் மாதம் முழுக்கக் கூச்சமாக இருந்தது. நோய் பரவும் விதம் பற்றிய பாடங்கள் புரிந்தன. புள்ளியியல் புரிந்த மாதிரி நடித்தோம். சுகாதாரப் பொருளாதாரம்தான் பிடிபடவே இல்லை. அதை நடத்திய பேராசிரியர் டாக்டர் இல்லை. பொருளாதாரம் படித்த சீனர், ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். இங்கே என் தமிழில் சொல்கிறேன்.

முதல் வகுப்பிலேயே, ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் என்ன செலவாகும் என்று கேட்டார். நாங்கள் மருந்து, படுக்கை, பயிற்சி சிகிச்சை என்று போட்டி போட்டு அடுக்கினோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ஆஸ்பத்திரிக்கு. அந்த வீட்டுக்கு?" என்றார். எட்டு வருடமாக எதிரே உட்கார்ந்தவர்களிடம் நான் அதைக் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கூடவே கோபமும் வந்தது. வாசல் வரை வரிசை நிற்கும்போது வீட்டு நிலவரம் விசாரிக்க எங்கே நேரம்?

அந்தக் கோபத்தினால்தானோ என்னவோ, ஆய்வேட்டுக்கு அவரையே வழிகாட்டியாகக் கேட்டேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒவ்வொரு குடும்பமும் தானே சேர்த்து வைக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது எங்கும் அடிபட்டுக்கொண்டிருந்தது. பெரிய நோய் வந்தால் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கும் என்பது என் தலைப்பு. சீன வீடுகளுக்கும் மலாய் வீடுகளுக்கும் சக மாணவர்கள் இருவர் போனார்கள். தமிழ் வீடுகள் நாற்பதும் என் பங்கு. சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு மேலே இருந்த வீடுகள் சில, ஈசூனில் சுண்ணாம்பு வாசனை போகாத புது வீடுகள் சில, எங்கள் தீவின் வடகோடியில் மார்சிலிங்கில் மிச்சம்.

கேள்விகள் மொத்தம் இருபத்து நான்கு. வீட்டில் எத்தனை பேர், யார் என்ன வேலை, கடைசியாக எப்போது டாக்டரிடம் போனீர்கள் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். பதினேழாவதுதான் ஆய்வின் உயிர். 'உங்கள் வீட்டில் சம்பாதிப்பவருக்குப் பெரிய நோய் வந்து மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' இதற்கு வரும் பதிலை வைத்துத்தான் எந்த வகுப்பு வார்டு, யார் வேலையை விட்டுப் பார்த்துக்கொள்வது, பணம் எங்கிருந்து என்று மேற்கொண்டு போக முடியும். தமிழில் அழகாக எழுதித் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பேராசிரியர் வேறொருவரைக் கொண்டு அதைத் திரும்ப ஆங்கிலத்தில் சொல்ல வைத்துச் சரிபார்த்தும் விட்டார்.

முதல் வீடு சிராங்கூன் சாலையில், நகைக்கடை ஒன்றின் மாடியில். கடையில் வேலை செய்பவரின் மனைவி என்னை மிஸ்ஸி என்று நினைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார். அந்த நாளில் நர்ஸுகளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். டாக்டர் என்று தெரிந்ததும் இரண்டு பிஸ்கட்டும் வந்தது. கணவர் சாப்பாட்டு இடைவேளைக்கு மேலே வந்து, எங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினாறு கேள்வி தடையில்லாமல் போனது. பதினேழாவதைப் படிக்க வாய் திறந்தேன். நல்ல மனிதர், சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறார். அவருக்கு நோய் வந்தால் என்று அவர் மனைவியிடம், அந்த அம்மா கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டே, எப்படிக் கேட்பது? என் வாயிலிருந்து வந்தது வேறு: "யாரோ ஒருத்தர் வீட்டுல, சம்பாதிக்கிறவருக்குப் பெரிய நோய் வந்துட்டா, அவங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?"

இதில் நான் யோசித்து முடிவெடுத்தது எதுவும் இல்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். சொன்னால் பலித்துவிடும் என்பதெல்லாம் ஞானோபதேசத்தில் கிடையாது. ஆனாலும் என் அம்மா, பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கட்டி எங்கே என்று யாராவது கேட்டால் தன் உடம்பில் தொட்டுக் காட்ட மாட்டார். காற்றில்தான் காட்டுவார். மறந்துபோய்த் தொட்டுவிட்டால் உடனே துடைத்துவிடுவார். அவர் துடைப்பதைப் பார்த்துச் சிரித்தவள் நான், அதுவும் மருத்துவக் கல்லூரியில் பிணம் அறுத்துவிட்டு வந்து சிரித்தவள்.

நாற்பது வீட்டிலும் அப்படியே கேட்டேன். நாற்பது வீட்டிலும் பதில் கொட்டியது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நல்ல வார்டில் போடணும், அண்ணன் தம்பி பார்த்துக்குவாங்க, பணம் பெரிசா உயிர் பெரிசா. ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. சீன வீடுகளுக்குப் போன என் நண்பர் பாவம், பதினேழாவது கேள்விக்கு வந்ததும், அபசகுனத்தை விரட்டச் சொல்லும் 'சோய், சோய்' சொல்லி வாசலைக் காட்டினார்களாம். அவர் தாளில் அந்த இடம் பாதிக்குப் பாதி காலி. மலாய் வீடுகளில், அது இறைவன் கையில் என்று சொல்லிவிட்டார்கள். என் தாள்களோ நிரம்பி வழிந்தன. உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

பேராசிரியருக்கு அந்தப் பெருமை இல்லை. அட்டவணையை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "உங்கள் ஆட்களுக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரிந்திருக்கிறது?" என்று கேட்டார். ஈசூனில் இரண்டு முறை போயும் ஆள் இல்லாமல் ஒரே ஒரு வீடு மட்டும் பாக்கி இருந்தது. மூன்றாம் முறை போகும்போது தானும் வருவதாகச் சொன்னார். வந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல், ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த மைலோவை மிச்சம் வைக்காமல் குடித்தார். நான் என் வழக்கப்படி கேட்டு முடித்தேன்.

திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில், "ஒரு கேள்வி கேட்கும்போது மட்டும் நீங்கள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினீர்கள். மற்றதற்கெல்லாம் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள். ஜன்னலுக்கு வெளியே யார்?" என்றார்.

நான் கையைக் காட்டியது எனக்கே தெரியாது. ஆனால் எந்தக் கேள்வி என்று உடனே தெரிந்தது. கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். "அப்படியானால் இந்த நாற்பது பேரும் எதிர்வீட்டுக்காரரைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு எல்லோரும் நல்ல வார்டுதான் கொடுப்பார்கள்" என்றார். மறுபடியும் போய்க் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை காலி என்று எழுத வேண்டும், காலியாக எழுதினால் தேறாது. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தது.

ஈப்போவிலிருந்து வந்து எங்களோடு படித்த தமிழ் டாக்டர் ஒருவர் சுலபமான வழி சொன்னார். "அதே பதிலைப் போட்டுடுங்க லா. நீங்க என்ன கேட்டீங்கன்னு யாரு வந்து பார்க்கப் போறா?" அந்த யோசனையை நான் உடனே தூக்கியெறிந்தேன் என்று எழுத ஆசைதான். ஒரு ராத்திரி முழுக்க அதை வைத்துக்கொண்டு புரண்டேன். பேராசிரியர் பார்த்துவிட்டாரே என்பதுதான் என்னைத் தடுத்தது.

கேட்டுப் பழக வேண்டியிருந்தது. வீட்டில் என் கணவரை எதிரே உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். "உங்களுக்குப் பெரிய நோய் வந்து மூணு மாசம்..." அவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், எதற்கும் காரணம் கேட்கிறவர். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எதுக்கு என்னை வச்சுப் பழகுற? உன் அண்ணனை வச்சுப் பழகேன்." சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார். என் அண்ணனுக்கு வந்தால் பரவாயில்லையா என்று நான் பிடித்துக்கொண்டேன். அன்று சாப்பாடு அதோடு சரி.

இரண்டாம் சுற்று ஆரம்பமானது. நகைக்கடை மாடியில் அந்த அம்மா கேள்வியைக் கேட்டதும் எழுந்துபோய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒரு அம்மா, "சேசுவே! படிச்ச பொண்ணு, உன் வாயில இதெல்லாமா வரும்?" என்று சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறு பூசையில் நான் உட்கார்ந்த வரிசைக்கு அவர் வரவில்லை. ஈசூனில் ஒரு வயதானவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு வந்தாவா? என் பொண்டாட்டி மூணு மாசம் டிவி குமிழைத் தானே திருப்பிக்குவா." அவர் மனைவி சமையலறையிலிருந்து, "வாயைக் கழுவுங்க" என்றார். மைலோவைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்த பிறகு கேட்பது நல்லது என்று கற்றுக்கொண்டேன். கையில் கோப்பை இருந்தால் குற்றம் இரட்டிப்பாகத் தெரிகிறது.

பதில்கள் மாறிப்போயின. அண்ணன் தம்பிகள் காணாமல் போனார்கள். நல்ல வார்டு, இருப்பதிலேயே மலிவான சி வகுப்பானது. பல வீடுகளில் வந்த பதில் "தெரியல டாக்டர்". முதலில் மளமளவென்று பேசிய அதே பெண்கள்தான். 'தெரியாது' என்ற கட்டத்தில் நான் கோடு போடப் போட, ஆய்வு உயிர்பெற்றது. எனக்கு ஒரே உற்சாகம். அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே உற்சாகமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசி வாரம் மார்சிலிங். அந்த வட்டாரத்துக்கு நான் முதல் சுற்றின் தொடக்கத்திலேயே, சிராங்கூன் சாலைக்கு அடுத்தபடியாகப் போய்வந்திருந்தேன், பத்து வாரம் ஆகியிருந்தது. மின்தூக்கி நிற்காத மாடியில் ஒரு வீடு. என் வயதுப் பெண், மின்னணுத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை. கணவர் கப்பல் பட்டறையில் வெல்டர் என்று தாளில் இருந்தது.

"அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டேனே டாக்டர்?"

"ஒரு கேள்வியை நான் தப்பாக் கேட்டுட்டேன். அதை மட்டும் மறுபடி கேட்டுட்டுப் போயிடுறேன்" என்றேன். அதற்குள் கேள்வி எனக்கு மனப்பாடம். முகத்தைப் பார்த்தே கேட்டேன். "உங்க வீட்டுக்காரருக்குப் பெரிய நோய் வந்து, மூணு மாசம் வேலைக்குப் போக முடியாமப் போனா நீங்க என்ன செய்வீங்க?"

அவர் கோபப்படவில்லை, சாமி பெயரைச் சொல்லவில்லை. மூடியிருந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார்.

"யாரும் சொல்லலீங்க. எல்லா வீட்டுலயும் இப்படித்தான் கேக்குறேன்."

"அன்னைக்கு இப்படிக் கேக்கலையே."

கதவைத் திறந்தார். உள்ளே போவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. டாக்டருக்கு அந்த வாடையே போதும், விளக்கம் தேவையில்லை. கட்டிலில் கணவர் எழுந்து உட்கார முயன்றார். "ஒண்ணுமில்ல டாக்டர், பூட்ஸ் கடிச்சிடுச்சு. சரியாயிடும்" என்றார். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். இரண்டு விரல் கறுத்துப்போய், கறுப்பு பாதத்தில் பாதி வரை ஏறியிருந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, மாத்திரையை நிறுத்தி நாளாகிவிட்டது என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதற்கு அவர் போர்வையை இழுத்துக் காலை மூடப் பார்த்தார். மனைவிதான் சொன்னார். "நீங்க வந்துட்டுப் போனீங்களே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அப்போ சின்னக் கொப்புளம்தான். பட்டறையில தெரிஞ்சா வேலைக்கு வேற ஆள் எடுத்துடுவாங்கன்னு, யாரு கேட்டாலும் சொல்லாதேன்னுட்டார். போன வாரம் வரைக்கும் இந்தக் காலோடதான் வேலைக்குப் போனார்."

கீழே இறங்கிப்போய் மளிகைக்கடைத் தொலைபேசியில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மேலே வந்தேன். அது வரும்வரை நாங்கள் இருவரும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தோம். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டேன். "அன்னைக்கு நான் இங்கதானே உட்கார்ந்திருந்தேன். டாக்டர்னு தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க யாரோ வீட்டைப் பத்தித்தானே கேட்டீங்க?" என்றார் அவர். குற்றம் சாட்டும் குரல் இல்லை, நடந்ததைச் சொல்லும் குரல். "யாரோ வீட்டுக்குன்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும், சொன்னேன். எங்க வீட்டைக் கேட்டிருந்தா எனக்குப் பொய் வந்திருக்காது டாக்டர். அன்னைக்கே கதவைத் திறந்திருப்பேன்."

அவருடைய முதல் தாள் என் பையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். பதினேழாவது கேள்விக்கு நேராக, என் கோணல் கையெழுத்தில்: 'உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.'

காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பத்து வாரம் முன்பு பார்த்திருந்தால் மருந்து கட்டி, மாத்திரை எழுதி அனுப்பியிருப்பேன். அதிகம் போனால் ஒரு விரல் போயிருக்கும். இதைக் கணக்கிட முதுகலைப் படிப்பு வேண்டாம். வார்டுக்கு ஒரு முறை பார்க்கப் போனேன். அவர் இரண்டு கையையும் கூப்பி, "நீங்க வந்து கேட்டதாலதான் டாக்டர் உயிரோட இருக்கேன்" என்றார். பக்கத்துக் கட்டில்காரரிடமும் அதைச் சொல்லி என்னைக் காட்டினார். அவர் மனைவி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, தலையணையைச் சரிசெய்யத் திரும்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு நின்று, காயம் நன்றாக ஆறுகிறது என்று ஏதோ டாக்டர் பேச்சுப் பேசிவிட்டு வந்துவிட்டேன். மறுபடி போகவில்லை.

ஆய்வேட்டைக் குறித்த நாளில் கொடுத்தேன். ஆய்வுமுறை அத்தியாயத்தில், ஒரு கேள்வி முதலில் தவறான வடிவில் கேட்கப்பட்டதையும் பிறகு திருத்திக் கேட்கப்பட்டதையும் இரண்டு வரியில் எழுதியிருந்தேன். அந்த வீட்டைப் பற்றிப் பேராசிரியரிடம் மட்டும் வாயால் சொன்னேன். அவர், அதை எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம் என்றார். நான் எழுதவில்லை.

நேர்முகத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் பிடித்தார். அடிக்கோடிட்டு வைத்திருந்தார். நேர்மையாக ஒப்புக்கொண்டதைப் பாராட்டினார். பிறகு, இது பொருளாதாரமும் சேர்ந்த படிப்பு என்பதால் கேட்கிறேன் என்று சிரித்துக்கொண்டே, "அந்தத் தவறுக்கு ஆன செலவு எவ்வளவு?" என்றார்.

மேசையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த என் பேராசிரியர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மூன்று வாரம்" என்றேன்.

தேர்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். நான் தேறினேன்.